சேஷாவின் கைக்கிளை

2016ஆம் ஆண்டு. விம்கோ நகரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். ராத்திரி 'நாகினி' ஓடும்போது எட்டு வீட்டிலிருந்தும் ஒரே வசனம், ஒரே மகுடிச் சத்தம் கேட்கும். எதிர் வீட்டு அக்கா எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் பேக்கிங் வேலை பார்த்தாங்க. ஷிப்ட் முடிந்து வந்து, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துதான் பார்ப்பாங்க. சேஷாவை எல்லாரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் அந்த அக்கா சொன்னாங்க: "இன்னாத்துக்கு அவளையே திட்டிக்கினு கீறீங்க? அவளும் பாம்புதான? அவளுக்கு மட்டும் ஆசை வரக்கூடாதா?"

யாரும் பதில் சொல்லவில்லை. விளம்பரம் வந்துவிட்டது. கைக்கிளை, பெருந்திணை என்று பரீட்சைக்கு உருப்போட்டிருந்த எனக்கும் பதில் தெரியவில்லை. தொலைக்காட்சித் தொடர்கள் என்றாலே முகம் சுளிக்கும் இலக்கியப் பழக்கம் நமக்கு இருக்கிறது. பெண்களை முட்டாளாக்கும் சரக்கு என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். ஆனால் அந்த அக்காவின் கேள்வி, தமிழ் மரபில் குறைந்தது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாகத் தள்ளிவைக்கப்பட்ட ஒரு கேள்வி. அந்தத் தள்ளிவைப்பின் வரலாற்றைப் பேசாமல் சேஷாவைப் பேச முடியாது.

முதலில் பிரதியைப் பார்ப்போம். ஏக்தா கபூரின் பாலாஜி டெலிபிலிம்ஸ் தயாரித்த 'நாகின்' 2015 நவம்பரில் கலர்ஸ் இந்தித் தொலைக்காட்சியில் தொடங்கியது. அடுத்த ஆண்டே சன் டிவியில் 'நாகினி' என்று தமிழ்க் குரலில் வந்தது. விரும்பிய வடிவம் எடுக்கும் நாகப் பெண் ஷிவன்யா (மௌனி ராய்). நாகமணிக்காக அவளுடைய பெற்றோரை ஐந்து பேர் கொன்றுவிட்டார்கள். பழிவாங்க, கொலைகாரர்களில் ஒருவனுடைய வீட்டுக்குள் நுழைந்து அவன் மகன் ரித்திக்கை (அர்ஜுன் பிஜ்லானி) மணக்கிறாள். மணந்தவனையே நேசிக்கத் தொடங்குகிறாள். அவளுக்குத் துணையாக வந்த இன்னொரு நாகப் பெண் சேஷா (அதா கான்). கூடப் பிறந்தவளைப் போன்றவள், பழிவாங்கலில் பாதிப் பாரத்தைச் சுமந்தவள். அவளுக்கும் ரித்திக் மீது ஆசை வருகிறது. அந்த ஆசைக்கு மறுமொழி இல்லை. ஷிவன்யாவின் உருவத்தையே எடுத்துக்கொண்டு அவனை நெருங்கப் பார்க்கிறாள். அத்தோடு தோழி எதிரியாகிறாள். அடுத்த பருவத்தில் முழு வில்லியாகவே ஆகிவிடுகிறாள்.

இருவருக்கும் ஒரே இனம், ஒரே சக்தி, ஒரே பழி. ஒருத்தியின் காதல் காவியமாகிறது, இன்னொருத்தியுடையது குற்றமாகிறது. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: ஆண் யாரைத் திரும்பிப் பார்த்தான் என்பது.

நமது இலக்கணம் இதை எப்படிக் கையாண்டது? தொல்காப்பியம் அகத்திணைகளை ஏழாக எண்ணுகிறது. ஒரு முனையில் கைக்கிளை, மறுமுனையில் பெருந்திணை. ஒத்த அன்புக்குரிய ஐந்திணை நடுவில். ஒருதலையான விருப்பம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஓரத்திலும் பேசுகிறவன் ஆண். காமம் அறியாத இளம்பெண்ணிடம் அவனாகப் பேசுகிறான். அவளிடமிருந்து மறுமொழி இல்லை. சொல்லிச் சொல்லியே இன்புறுகிறான். பெண் தானாகக் கேட்பதற்கு இந்த இலக்கணத்தில் இடமில்லை. பிற்காலத்தில் புறப்பொருள் வெண்பாமாலை பெண்பாற் கூற்றுக்கு இடம் தந்தது. உலா இலக்கியமோ பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களையும் வீதியில் நிறுத்தி அரசன்மீது மயங்க வைத்தது. ஆனால் உலாவில் பெண்களின் கைக்கிளை அரசனுடைய பெருமைக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். பவனி போன பிறகு அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை.

தானாகவே கேட்டவளுக்கு என்ன நடக்கும் என்பதைக் கம்பன் காட்டுகிறான். சூர்ப்பணகை திருமகளை நினைந்து மந்திரத்தால் அழகிய வடிவெடுத்து வருகிறாள். வடிவம் மாற்றும் ஆற்றல், மறுமொழியில்லாத காதல், சீதை என்கிற போட்டி - நாகினித் தொடரின் மூலப்பொருள் எல்லாமே இங்கே தயாராக இருக்கிறது. மூக்கும் காதும் முலையும் அறுபட அவள் அனுப்பப்படுகிறாள். தண்டனை ஆசையைக் கேட்ட உடம்பின் மீதே எழுதப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. 1955இல் வந்த 'கணவனே கண் கண்ட தெய்வம்' படத்தில் லலிதா நடித்த நாகராணியும் இந்த வரிசையில் வருகிறவள்தான். ஆசைப்பட்டு, மறுக்கப்பட்டு, மறுத்தவனைக் கூனனாக்குகிறாள். மாயசக்தி எதுவும் இல்லாத மனைவி தன் கற்பின் உறுதியால் அவனை மீட்கிறாள். தலைப்பிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஆக இந்தக் கதையாடலின் விதி இதுதான்: சக்தி உள்ளவளுக்குக் காதல் கிடைக்காது, காதல் கிடைத்தவளுக்குச் சக்தி தேவைப்படாது.

இந்த விதிக்கு வெளியே ஒரு கதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஸ்வீடன் முதலாளிகள் 1923இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. அந்தத் தீப்பெட்டிக் கம்பெனியின் பேரில் எழுந்த நகர், அதைவிடப் பல நூற்றாண்டு மூத்த திருவொற்றியூரின் ஒரு பகுதி. திருவொற்றியூர்க் கோயிலில் இருப்பது புற்று லிங்கம். வாசுகி நாகம் தன்னோடு ஒன்றியதால் படம்பக்கநாதர் என்று பெயர் என்பார்கள். ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும் அந்தப் புற்றைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் திறந்து காட்டுவார்கள். எங்கள் தெருப் பெண்களுக்குப் பாம்பு என்பது டிவியில் வந்து இறங்கிய புதுச் சரக்கு அல்ல.

இதே ஊரில்தான் சுந்தரர் சங்கிலியாரைக் கண்டு ஆசைப்பட்டார். திருவாரூரில் பரவையார் ஏற்கனவே இருந்தார். பிரிய மாட்டேன் என்று சங்கிலியார் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியத்தின்போது சன்னதியை விட்டு மகிழமரத்தடியில் போய் இருந்துகொள்ளும்படி சிவனிடமே சுந்தரர் ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவனோ, சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கு என்று சங்கிலியாரின் கனவில் சொல்லிவிடுகிறார். சுந்தரர் வகையாக மாட்டிக்கொள்கிறார். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய இந்தக் கதையின் மகிழடிச் சேவை இன்றும் மாசித் திருவிழாவில் நடக்கிறது.

இது கைக்கிளைக் கதை அல்ல என்பது தெரியும். ஆனால் இரண்டு பெண்கள், நடுவில் ஒரு ஆண் என்கிற சட்டகம் அதேதான். இங்கே பரவையாரும் சங்கிலியாரும் ஒருவரையொருவர் அழிக்கப் பார்க்கவில்லை. பரவையாரின் கோபம் சுந்தரர் மேல்தான். கதவைச் சாத்தியது அவருக்குத்தான். சத்தியத்தை மீறியதற்கான விலையும் அவருடைய கண்ணிலிருந்தே எடுக்கப்படுகிறது. சேக்கிழாரும் முழுக்க நியாயம் செய்துவிடவில்லை. கதை திருவாரூருக்குப் போனதும் பரவையாரின் ஊடலும் சிவன் நடந்த தூதும் விரிகின்றன. ஒற்றியூரில் விடப்பட்டவளின் காத்திருப்பு விரிவதில்லை. இருந்தாலும், ஆண் கணக்குத் தீர்க்க வேண்டும் என்கிற நினைவு அந்தக் கதையில் இருக்கிறது. நாகினியில் ரித்திக் எந்தக் கணக்கும் தீர்ப்பதில்லை. இரண்டு நாகங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ள, அவன் நல்ல பிள்ளையாகவே நடமாடுகிறான்.

தொலைக்காட்சி செய்த மாற்றம் ஒன்று உண்டு, அதை மறுக்கக் கூடாது. 1955இல் வில்லியாக இருந்த நாகம் 2016இல் கதாநாயகி. சக்தியுள்ளவளே தாலி கட்டிக்கொள்கிறாள். 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பிறகு லைன் வீடுகளுக்குள்ளும் ஆளுக்கொரு டிவி வந்துவிட்டது. அதன் முன்னால் உட்காருகிறவர்கள் சம்பாதிக்கும் பெண்கள். அவர்களுக்குக் கற்பைத் தவிர வேறொன்றும் இல்லாத மனைவியை மட்டும் காட்டி இனி ஓட்ட முடியாது என்று வியாபாரத்துக்குத் தெரிந்துவிட்டது. பகலில் மிஷினோடு மல்லுக்கட்டி, மாலையில் மாமியாருக்கு முன்னால் வாயடைத்துப்போகும் பெண்ணுக்கு, தலையில் முக்காடும் கண்ணில் விஷமுமாக நிற்கும் மருமகள் அந்நியமானவள் அல்ல.

ஆனால் பழைய விதி இரண்டு வழிகளில் திரும்ப நுழைகிறது. ஒன்று, காதலுக்காக ஷிவன்யா தன் சக்தியையே துறக்கிறாள். இரண்டாம் பருவத்தில் அவள் வெறும் மனுஷி. சக்தி அவள் மகளுக்கு இருபத்தைந்து வயதில் வந்து சேருகிறது. கல்யாணத்தோடு வேலையை விட்ட தாய், படித்து வேலைக்குப் போகும் மகள் என்று இதை வாசிக்க முடியாதா? இரண்டு, நாயகியிடமிருந்து கழுவப்பட்ட அழுக்கெல்லாம் சேஷாவின் தலையில் கொட்டப்படுகிறது. கேட்டுப் பெறாத ஆசை, பொறாமை, தந்திரம் எல்லாம் அவளுடையவை. இதற்கிடையில், கதை எதிலிருந்து தொடங்கியதோ அது, அதாவது ஐந்து பேர் ஒரு குடும்பத்தைக் கொன்று சொத்தைப் பறிக்கப் பார்த்தது, பின்னால் போய்விடுகிறது. பெண்களின் போட்டி முன்னால் வரவர வீட்டின் குற்றம் மங்குகிறது. 2017 ஜனவரியில் சுந்தர் சி.யின் கதையில் தமிழிலேயே 'நந்தினி' வந்தபோது நாகம் நமது சொந்தத் தயாரிப்பாகவும் ஆகிவிட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததா? மாயசக்தி உள்ள சிறுமிகளை நடிகைகளைக் கொண்டே தொடராக எடுக்கும் வழக்கம் ஜப்பானில் 1960களிலிருந்தே உண்டு. 2003 அக்டோபர் முதல் 2004 செப்டம்பர் வரை 49 அத்தியாயங்களாக ஓடிய நேரடி நடிப்பு 'செய்லர் மூன்' தொடரிலும் இதே முடிச்சு வருகிறது. நாயகி உசாகி நேசிக்கும் மமோருவுக்கு ஏற்கனவே ஹினா என்கிற பெண் நிச்சயிக்கப்பட்டிருக்கிறாள். ஆனால் ஹினா பேயாக மாறுவதில்லை, வலியோடு விலகுகிறாள். உசாகியும் அவளை வெறுப்பதில்லை, தன் ஆசையை அடக்கிக்கொண்டு அல்லாடுகிறாள். தோழிகள் ஐவரின் பிணைப்பு ஓர் ஆணால் அறுவதில்லை. ரொம்பவும் கொண்டாடிவிட வேண்டாம். அங்கேயும் இளவரசன்மீது மறுமொழியில்லாத ஆசை வைத்த ராணி பெரில்தான் வில்லி. ஆனால் அவள்மீது மறுமொழியில்லாத அன்பு வைத்த ஜேடைட், இடிந்து விழும் அரண்மனையில் அவளோடு கடைசிவரை இருக்கிறான். கிடைக்காத அன்புக்கு அங்கே ஒரு கண்ணியமாவது மிச்சமிருக்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிப் பேசக் காரணம் இருக்கிறது. நாகினி ஓடிய அதே 2016இல், ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்ற இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். பத்திரிகைகள் 'ஒருதலைக் காதல்' என்று எழுதின. கைதானவர் விசாரணைக்கு முன்பே செப்டம்பரில் புழல் சிறையில் இறந்துபோனார். நீதிமன்றம் எதையும் தீர்மானிக்கவில்லை. ஆனால் சொல் தீர்மானித்துவிட்டது. 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலையில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளப்பட்டபோதும் அதே சொல் வந்தது. 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் கொன்றவனுக்குத் தூக்கு விதித்தது, கொலை என்றது. செய்திகளில் காதல் என்கிற சொல் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது.

மறுக்கப்பட்ட ஆண் கத்தியோடு வந்தால் அதற்குப் பெயர் காதல். மறுக்கப்பட்ட பெண் ஆசைப்பட்டாலே அவள் விஷப்பாம்பு. நமது சினிமா முன்னதைப் பல ஆண்டுகளாக வீரமாகக் காட்டியது. தொடர் பின்னதை நஞ்சாகக் காட்டியது. இரண்டும் ஒரே ஆலையில் அச்சான தீப்பெட்டிகள். மறுக்கும் உரிமையையும் கேட்கும் உரிமையையும் சேர்த்தே பேசியாக வேண்டும். பெண் கேட்கலாம் என்பதை ஏற்காத சமூகம், அவள் மறுக்கலாம் என்பதையும் ஏற்காது.

கேட்டவள் ஒருத்தி நம்மிடம் இருக்கிறாள். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய மூன்று பாட்டுகள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி மீது அவருக்கு ஆசை. தாய்க்குப் பயம், அவைக்குக் கூச்சம், உடம்பில் பசலை. அவ்வளவையும் தானே சொல்கிறார். அவன் மற்போரில் வென்றானா இல்லையா என்று ஊர் இரண்டுபட்டு நிற்க, இவர் வீட்டுப் பக்கத்துப் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, வென்றதைத் தன் கண்ணால் கண்டேன் என்கிறார். அவன் திரும்பிப் பார்த்ததாகத் தகவல் இல்லை. போட்டிக்காரி இல்லை, சாபம் இல்லை. உரையாசிரியர்கள் கைக்கிளை என்று முத்திரை குத்தினார்கள். பாட்டு அப்படியே இருக்கிறது.

எதிர் வீட்டு அக்கா இப்போது விம்கோ நகரில் இல்லை. வாடகை ஏறியதும் மீஞ்சூர்ப் பக்கம் போயிட்டாங்க. ஆசை வரக்கூடாதா என்று அன்றைக்குக் கேட்டதற்கு என் பதில்: வரலாம் அக்கா. வந்ததைச் சொல்லலாம். அவன் இல்லை என்றால் பனைமரத்தடியை விட்டு வீட்டுக்குப் போகலாம். அதற்கு யாரும் பாம்பாக வேண்டியதில்லை, யார் மூக்கும் அறுபட வேண்டியதில்லை.