திறக்கும் அதிகாரமும் திறந்திருக்கும் கடமையும்: இந்தியாவில் மறையாக்க விவாதத்தின் வரலாறு

1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்திற்கு மாற்றாக 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இரு சட்டங்களிலும் அரசின் இடைமறிப்பு அதிகாரத்தைக் கூறும் பிரிவுகளை அருகருகே வைத்துப் படிப்பது வரலாற்று மாணவர்களுக்குப் பயன்தரும். "பொது நெருக்கடி", "பொதுப் பாதுகாப்பு" என்னும் அடிப்படை நிபந்தனைகள் 138 ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்கின்றன. ஆனால் ஒரு சிறு தொடர் புதிதாக நுழைந்துள்ளது. செய்தி அரசிடம் வெளிப்படுத்தப்பட வேண்டும் என்று மட்டுமே பழைய சட்டம் கூறியது. அது "புரியும் வடிவில்" வெளிப்படுத்தப்பட வேண்டும் என்கிறது புதிய சட்டம்.

இந்தச் சிறு தொடருக்குள் ஒரு பெரிய மாற்றம் அடங்கியுள்ளது. குடிமக்களின் செய்தியைத் திறந்து பார்க்க அரசுக்கு அதிகாரம் உண்டா, எப்போது உண்டு என்பதே நெடுங்காலம் கேட்கப்பட்ட கேள்வி. இன்று கேட்கப்படுவது வேறு: தம் செய்தியை எப்போதும் திறக்கத்தக்கதாக வைத்திருக்கும் கடமை குடிமக்களுக்கு உண்டா? முதலாவது அதிகாரத்தின் எல்லையைப் பற்றிய கேள்வி. இரண்டாவது குடிமக்களின் கடமையைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இன்றைய விவாதத்தின் பெருங்குறை.

தந்தியின் காலத்தில் இரண்டாவது கேள்வி பெரிதாக எழவில்லை. தந்தி அனுப்புவோர் தம் வாசகத்தை எழுத்தரிடம் கொடுத்தனர். எழுத்தர் அதைப் படித்தே அனுப்பினார். வணிகர்கள் குறியீட்டு நூல்களைப் பயன்படுத்தியதும் பெரும்பாலும் சொற்களைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்துவதற்காகவே. 1898 ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டமும் இதே மனநிலையில் எழுதப்பட்டது. உறையைப் பிரித்தால் கடிதம் தெரியும். பொது நெருக்கடி நிலவுகிறதா என்று ஐயம் எழுந்தால் அரசு தரும் சான்றிதழே முடிவான சாட்சியம் என்று அச்சட்டம் கூறியது. திறக்கும் ஆற்றல் அரசின் கையில் இயல்பாகவே இருந்தமையால், அனுமதியைப் பற்றி மட்டும் பேசினால் போதுமானதாக இருந்தது.

ஆயினும் மறைவு அறமாகுமா என்னும் வினா இந்தியாவுக்குப் புதிதன்று. விடுதலை இயக்கத்துக்குள்ளேயே அது கடுமையாக விவாதிக்கப்பட்டது. மறைவான செயல்பாடு சத்தியாகிரகத்துக்குப் பொருந்தாது என்பது காந்தியின் உறுதியான நிலைப்பாடு. உப்புச் சட்டத்தை மீறப்போவதை 1930 மார்ச் 2 அன்று வைசிராய் இர்வினுக்குக் கடிதம் எழுதி அவர் முன்கூட்டியே அறிவித்தார். ஆனால் 1942இல் தலைவர்கள் சிறைப்பட்டபின் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் பம்பாயில் இரகசியமாகக் காங்கிரஸ் வானொலியை நடத்தினர். அருணா ஆசஃப் அலி தலைமறைவானார். வெளியே வந்து சரணடையுமாறு 1944இல் காந்தி எழுதிய பின்னும் அவர் வரவில்லை. கைது ஆணை விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகு 1946இல்தான் வெளிவந்தார்.

"மறைக்க ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?" என்று இன்று கேட்போர் காந்தியைத் தம் பக்கம் அழைத்துக்கொள்ள முடியுமா? மேலோட்டமாகப் பார்த்தால் முடியும் எனத் தோன்றும். ஆனால் காந்தியின் வெளிப்படைத்தன்மை அவர் தாமே தேர்ந்துகொண்ட ஒழுக்கம். அரசு தன்னைப் படிப்பதற்கு வசதியாக ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு அன்று. எதை, எப்போது, யாருக்கு வெளிப்படுத்துவது என்னும் முடிவு அவரிடமே இருந்தது. கதவைத் தானே திறந்து வைப்பவரின் அறத்தைக் காட்டி, அனைவரின் வீட்டுத் தாழ்ப்பாளையும் கழற்றச் சொல்வது பொருந்தாது.

விடுதலைக்குப் பின்னரும் காலனியச் சட்டங்களே நீடித்தன. 1986இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய அஞ்சலகத் திருத்த மசோதா, கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தை விரிவுபடுத்தியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் அளிக்காமல் வைத்துக்கொண்டார். அடுத்து வந்த ரா. வெங்கட்ராமன் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அது சட்டமாகவேயில்லை. 1988இல் தொலைபேசி ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டை அடுத்துக் கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது குறித்து வெளியான செய்திகளைத் தொடர்ந்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைபேசி உரையாடல் அந்தரங்க உரிமைக்குள் அடங்கும். உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும். ஆணை இரண்டு மாதங்களுக்கே செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதங்களைத் தாண்டக் கூடாது. மறுஆய்வுக் குழு வேண்டும் என்று அது வரையறுத்தது. ஆனால் நீதிமன்றத்தின் முன்அனுமதி வேண்டும் என்னும் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆணையிடுவதும் நிர்வாகம், அதை மறுஆய்வு செய்வதும் நிர்வாகம் என்னும் அமைப்பு அங்கே நிலைபெற்றது. இக்குறையை மனத்தில் வைத்துக்கொண்டே பின்வரும் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

இணையம் வந்தபோது அரசின் முதல் எதிர்வினை, பூட்டின் அளவைக் குறைப்பதாக இருந்தது. இணையச் சேவை உரிம நிபந்தனைகள் 40 பிட் நீளமுள்ள திறவுகோல்களை மட்டுமே முன்அனுமதியின்றிப் பயன்படுத்த இடமளித்தன. அதற்கு மேற்பட்டால் அனுமதி பெற்று, மறைநீக்கத் திறவுகோலையும் ஒப்படைக்க வேண்டும். 40 பிட் என்பது ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கோடி வாய்ப்புகள். மனிதருக்கு அது பெரிய எண், கணினிக்கு அன்று. 1997லேயே பெர்க்லி மாணவர் இயன் கோல்ட்பர்க் பல கணினிகளை இணைத்து, அத்தகைய மறையாக்கம் ஒன்றை மூன்றரை மணி நேரத்தில் உடைத்துக் காட்டிவிட்டார். 2001இல் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் பாதுகாப்பு வேண்டும் என்று வழிகாட்டியது. பணத்துக்கு வலுவான பூட்டு, பேச்சுக்கு வலுவற்ற பூட்டு என்னும் இந்த முரண் பல ஆண்டுகள் நீடித்தது. இரண்டுக்கும் கணிதம் ஒன்றே என்பதை ஒழுங்குமுறை ஏற்கத் தயங்கியது.

2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, மறைநீக்கத்துக்கு உதவ மறுப்போருக்கு ஏழாண்டுகள் வரை சிறை என்றது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதல்களுக்குப் பின், ஒரு மாதத்துக்குள் அச்சட்டத்தின் திருத்தம் போதிய விவாதமின்றி நிறைவேறியது. 2015 செப்டம்பரில் வெளியான தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு இன்னும் ஒரு படி சென்றது: குடிமக்கள் தாம் மறையாக்கம் செய்து அனுப்பியவற்றின் மூல வாசகத்தை 90 நாட்கள் வைத்திருந்து, கேட்கும்போது காட்ட வேண்டும். கடும் எதிர்ப்பு எழுந்தமையால் செப்டம்பர் 22 அன்று வரைவு திரும்பப் பெறப்பட்டது. திறந்திருக்கும் கடமை என்னும் கருத்து அவ்வளவு வெளிப்படையாக எழுத்தில் வந்த தருணம் அதுவே.

அரசுத் தரப்பின் வாதத்தை எளிதாகப் புறந்தள்ள இயலாது. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடாவில், குழந்தைக் கடத்தல்காரர் என்னும் வதந்தியால் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளிலும் வாட்ஸ்அப் வழியே பரவிய இத்தகைய வதந்திகள் உயிர்களைப் பறித்தன. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான மாநிலங்களவைக் குழு 2020 ஜனவரியில், குழந்தைகளின் பாலியல் படங்களைப் பரப்புவோரைக் கண்டறிய மறையாக்கத்தைத் திறக்க வழி வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு. அது மீறப்படும் படம் மறையாக்கத்தின் பாதுகாப்பிலேயே பயணம் செய்கிறது. மறையாக்கத்தை ஆதரிப்போர் இவ்வாதத்தை நேருக்கு நேர் எதிர்கொள்ளாவிடில் அவர்களின் அறம் அரைகுறையானதாகும்.

இதே காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில், சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரித் தொடங்கிய வழக்கு, செய்தியை முதலில் எழுதியவரைக் கண்டறிய முடியுமா என்னும் கேள்வியாக மாறியது. சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி, ஒவ்வொரு செய்தியோடும் எழுதியவரின் அடையாளத்தைச் சேர்த்தனுப்பலாம் என்றார். மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார்: அடையாளத்தைப் போலியாக்கலாம், குற்றவாளி தப்புவார், எளிய பயனரின் அந்தரங்கம் மட்டும் பறிபோகும். வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரி 25 அன்று வெளியான விதிகள், 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களையுடைய செய்திச் சேவைகள் முதல் அனுப்புநரைக் காட்டித்தர வேண்டும் என்றன. உள்ளடக்கம் கேட்கப்படவில்லை, பெயர்தான் கேட்கப்படுகிறது என்பது அரசின் விளக்கம். யாரை நாளை தேடுவார்கள் என்று இன்று தெரியாது. ஆகவே ஒருவரைக் கண்டுபிடிக்க அனைவரின் செய்திகளுக்கும் சுவடு வைக்க நேரும் என்பது எதிர்வாதம். இதை முன்வைத்தே வாட்ஸ்அப் அந்த ஆண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது.

இங்கே 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அளித்த புட்டசாமி தீர்ப்பு துணைநிற்கிறது. அந்தரங்கத்தில் தலையிட, சட்டம் வேண்டும். முறையான நோக்கம் வேண்டும். தலையீடு நோக்கத்தின் அளவுக்கு மிஞ்சாதிருக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய ஒருவரின் தொலைபேசியை ஆணை பெற்று ஒட்டுக்கேட்பது இந்த அளவுகோலில் தேறக்கூடும். அது குறிப்பிட்ட ஒருவரைப் பற்றியது, காலவரையறை உடையது. ஆனால் எவரும் திறக்க முடியாத பூட்டை எவரும் பயன்படுத்தக் கூடாது என்பது குற்றம் செய்யாத கோடிக்கணக்கானோர் மீதும் எப்போதைக்குமாக விழும் சுமை.

மேலும், அனுமதியைத் திரும்பப் பெறலாம். கட்டிவைத்த வாயிலைத் திரும்பப் பெறுவது கடினம். கிரேக்கத்தில் சட்டபூர்வ இடைமறிப்புக்கென்று தொலைபேசி இணைப்பகங்களில் இருந்த மென்பொருளை இரகசியமாக இயக்கி, பிரதமர் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டோரின் பேச்சுகளைச் சிலர் பல மாதங்கள் ஒட்டுக்கேட்டது 2006இல் அம்பலமானது. நல்லெண்ணத்தோடு அமைக்கப்படும் வாயிலும் நல்லவர்களை மட்டும் உள்ளே விடுவதில்லை.

அப்படியானால் துலேயில் மாண்டவர்களுக்கும் படங்களில் சிதைக்கப்படும் குழந்தைகளுக்கும் விடை என்ன? செய்தியைப் பெற்றவர் அளிக்கும் புகார், நீதிமன்ற ஆணையோடு குறிப்பிட்ட கருவியைச் சோதித்தல், யார் யாருடன் எப்போது தொடர்பு கொண்டார் என்னும் பதிவுகள் ஆகியவை உள்ளன. இவை மெதுவானவை, உழைப்பைக் கோருபவை, சில வழக்குகளில் தோற்கவும் கூடும். அந்தத் தோல்விக்கு விலை உண்டு என்பதை மறையாக்க ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் ஆணைகளைத் தானே மறுஆய்வு செய்துகொள்ளும் அரசு, அனைவரின் திறவுகோலையும் கேட்பதன் விலையை மறுதரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1996இல் மறுக்கப்பட்ட நீதிமன்ற முன்அனுமதி, 2023 ஆம் ஆண்டின் சட்டத்திலும் இடம்பெறவில்லை. திறக்கும் அதிகாரத்துக்கே இன்னும் தகுந்த காவல் அமையாத நாட்டில், திறந்திருக்கும் கடமையைக் குடிமக்கள்மீது சுமத்துவது வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.