விண்ணுக்கு ஒரு தனிப்படை வேண்டுமா?
திருக்கோணமலை வரலாறு தரும் விடை

பண்டைத் தமிழ் வேந்தர் தம் படையை யானை, தேர், குதிரை, காலாள் என நால்வகையாக வகுத்தனர். வீரன் எதன்மீது ஏறிப் பொருகின்றான் என்பதே அவ்வகுப்பிற்கு அடிப்படையாயிற்று. பிற்காலத்தில் நிலம், நீர் என்னும் இடம்பற்றிப் படைகள் பிரிக்கப்பட்டன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதன் பறக்கக் கற்றபோது, வானுக்கும் ஒரு தனிப்படை வேண்டுமோ என்னும் வினா எழுந்தது. அவ்வினாவே இன்று இன்னும் ஒரு படி மேலேறி, வளிமண்டலத்துக்கு அப்பாலுள்ள விண்வெளிக்கும் தனிப்படை வேண்டுமோ என உருக்கொண்டு நிற்கின்றது. ஐக்கிய அமெரிக்கா 2019 டிசெம்பர் 20ஆந் திகதி தன் விண்வெளிப் படையை நிறுவி, வேண்டும் என விடை பகர்ந்தது. பிற நாடுகளோ ஒருமுகமான விடையைக் கண்டில.

இஃது வல்லரசுகளின் வழக்கு, நமக்கு யாது பயன் எனச் சிலர் வினவலாம். அன்புவழிபுரம் முதலாகத் திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர் அவ்வாறு வினவுதற்கில்லை. துறைமுகத்தின் மேலைப்புறத்தே சீனக்குடா விமான நிலையம் உளது. அதனை அடுத்த காட்டினூடே பிரித்தானியர் எழுப்பிய எண்ணெய்க் குதங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. புதியதொரு வெளியிற் போர்த்தொழில் பிறக்கும்போது அதனை யார் ஆளுதல் வேண்டும் என்னும் வழக்கிற்கு உரிய சான்றுகள் இவ்விடத்தும் இதனையடுத்த கீழைக் கடலிலும் கிடக்கின்றன. அவற்றை எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வான்படை பிறந்த வரலாறு

முதலாம் உலகப் போரில் பிரித்தானியத் தரைப்படைக்கு ஒரு பறத்தற் பிரிவும், கடற்படைக்கு வேறொரு பறத்தற் பிரிவும் இருந்தன. இரண்டும் இயந்திரங்களுக்கும் ஆட்களுக்கும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. 1917ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஜேர்மானிய விமானங்கள் பட்டப்பகலில் இலண்டன் மாநகர்மீது குண்டு வீசின. மக்கள் கொதித்தெழுந்தனர். தென்னாபிரிக்கத் தலைவர் சிமற்சு இதனை ஆராயுமாறு பணிக்கப்பட்டார். வானத்திலிருந்து செய்யப்படும் போர் ஏனைய போர்களுக்கு ஏவற்றொழில் செய்வதோடு அமையாது, தானே தனிப்பெருந் தொழிலாக வளரும் என்பது அவர் கண்ட முடிபு. அதன்படி 1918 ஏப்பிரல் 1ஆந் திகதி இரு பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டு, அரச விமானப் படை தனிநிலை எய்திற்று.

அம்முடிபால் விளைந்த நன்மை பெரிது. பழைய தலைவர்களின் கீழ் இருந்திருப்பின் ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய கலையொன்று தன் பள்ளிகளையும் தன் நிபுணர்களையும் பெற்றது. 1940இல் பிரித்தானியாவைக் காத்த ஒழுங்கு அவ்வாறு வளர்ந்ததே. கரையோரத்து ராடார் நிலையங்கள், நிலத்தில் நின்று வானை நோக்கிய காவலர், தொலைபேசிக் கம்பிகள், கட்டளை மண்டபங்கள் ஆகிய யாவும் ஒரே வலையாகப் பின்னப்பட்டிருந்தன. தனிப்படை வேண்டுவோர் இதனையே தம் முதற்சான்றாகக் காட்டுவர். அது தக்க சான்றே.

ஆயின் மறுபக்கமும் உண்டு. விமானந் தாங்குவதற்கென்றே வரையப்பட்ட கப்பல்களுள் முதலாவதான ஹெர்மிஸ், 1918 சனவரியிற் கட்டத் தொடங்கப்பட்டது. அது கட்டப்பட்டுக்கொண்டிருக்கையிலேயே வான்படை தனிப்படையாயிற்று. அதனால் கப்பல் கடற்படைக்கும், அதன் மேற்றளத்திலிருந்து எழும் விமானம் வான்படைக்கும் உரியனவாயின. இரு தலைவர்க்கு ஊழியஞ் செய்த அப்பிரிவு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எவராலும் மனமுவந்து பேணப்படவில்லை. 1937இல் அதனைக் கடற்படைக்கே மீட்டளிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. 1939 மே மாதத்திலேயே அது முற்றாகக் கைமாறிற்று. அடுத்த நான்கு மாதங்களிற் போர் மூண்டது. இழந்த இருபது ஆண்டுகளை நான்கு மாதங்களில் ஈட்டுதல் யாரால் இயலும்?

யப்பான் வேறு வழியிற் சென்றது. அந்நாட்டில் தனி விமானப் படை இருந்ததில்லை. கடற்படை தன் விமானங்களைத் தானே வளர்த்தது. 1922இல் ஹோஷோ என்னும் விமானந் தாங்கிக் கப்பலை ஹெர்மிஸுக்கு முன்னரே நிறைவுசெய்து சேவையில் இட்டது. இவ்விரு வழிகளும் எதிரெதிரே சந்தித்த இடம் நம் கடலாகும்.

1942 ஏப்பிரல்

1942 பெப்புருவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தபின், இந்து சமுத்திரத்தின் காவல் இலங்கையின்மேல் வந்து பொறுத்தது. மார்ச்சு மாதத்தில் கடற்படைத் தலைவர் லேற்றன் இலங்கையின் பிரதம சேனாதிபதியாக நியமனம் பெற்றார். தரைப்படை, கடற்படை, வான்படை மூன்றும், குடியியல் ஆட்சியும் அவர் ஆணைக்கு உட்பட்டன. ஒருவர் கையில் இத்துணை அதிகாரம் சேர்ந்தமை நம் வரலாற்றிற் புதுமையானது. இதனை வாசகர் மனத்திருத்துக.

ஐந்து விமானந் தாங்கிக் கப்பல்களோடு நகுமோ என்னும் தளபதி இலங்கையை நோக்கி வந்தார். ஏப்பிரல் 4ஆந் திகதி, கனடா நாட்டு விமானி பேர்ச்சால், கற்றலீனாப் பறக்கும் படகொன்றிலிருந்து அக்கப்பற் படையைக் கண்டு செய்தி அனுப்பினார். தம் விமானம் சுட்டு வீழ்த்தப்பட, அவர் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது, துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முன்னரே வெளியேறியிருந்தன. ஏப்பிரல் 8ஆந் திகதி வேறொரு கற்றலீனா, மீண்டும் இலங்கையை நோக்கி வரும் அப்படையைக் கண்டது. அன்றிரவே திருக்கோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேற்றப்பட்டன.

ஏப்பிரல் 9ஆந் திகதி காலை ராடார் நிலையம் வரும் விமானங்களை முன்னறிந்தது. ஏறத்தாழ நூற்று முப்பது யப்பானிய விமானங்கள் வந்தன. சீனக்குடாவிலிருந்து எழுந்து அவற்றை எதிர்த்த ஹரிக்கேன், புல்மர் விமானங்கள் இருபதுக்குச் சற்றே மேற்பட்டவை. துறைமுகமும் விமான நிலையமும் பெருஞ் சேதமுற்றன. சகையிங் என்னும் வணிகக் கப்பல் தீப்பற்றி அழிந்தது. எனினும் பேர்ள் துறைமுகத்தில் 1941 டிசெம்பரில் நேர்ந்தது இங்கு நேரவில்லை. அங்குக் கப்பற் படை நங்கூரமிட்டு உறங்கியது. இங்குத் துறைமுகம் பெரும்பாலும் வெறிதாயிருந்தது.

ஆனால் வெளியேறிய கப்பல்களுள் ஒன்று ஹெர்மிஸ். தெற்கே சென்ற அது மட்டக்களப்புக்கு அண்மைக் கடலில் யப்பானியரின் கண்ணிற்பட்டது. விமானந் தாங்குவதற்கென்றே பிறந்த அக்கப்பலில் அன்று விமானம் ஒன்றேனும் இல்லை. அதற்குரியவை கரையில் இருந்தன. அது காவல் வேண்டிக் கூவியது. வந்து சேர்ந்த விமானங்களோ கப்பலைக் காக்கப் போதியனவும் அல்ல, உரிய காலத்தில் வந்தனவும் அல்ல. முந்நூற்றேழு பேர் ஹெர்மிஸோடு மாண்டனர். துணைவந்த வம்பயர் என்னும் நாசகாரிக் கப்பலும் மூழ்கிற்று.

சான்றுகளை எடைபோடுதல்

தனி விமானப் படை இருந்தமையாலேயே ஹெர்மிஸ் மூழ்கிற்று எனக் கூறுதல் எளிது. ஆயின் அது நேரிய தீர்ப்பாகாது. அக்கப்பலை முன்னறிவித்துத் துறைமுகத்திலிருந்து தப்புவித்த கற்றலீனாவும் கடற்படைக்கு உரியதன்று, வான்படைக்கு உரியதே. ஒரு படையின் கண் மற்றொரு படைக்குப் பயன்பட்டது. அவ்வாறே, தனிப்படை இல்லாமையால் யப்பான் வென்றது எனலும் பொருந்தாது. அந்நாட்டுத் தரைப்படையும் கடற்படையும் தத்தமக்கெனத் தனித்தனியே விமானங்களை ஆக்குவித்து, ஒன்றன் அறிவை மற்றொன்றுக்கு மறைத்துப் பின்னாளில் நலிந்தன. ஐக்கிய அமெரிக்காவோ இரண்டாம் உலகப் போர் முழுவதையும் தனி விமானப் படை இன்றியே நடத்தி முடித்து, 1947இலேயே அதனை நிறுவிற்று.

ஆதலின் நாம் கொள்ளத்தக்க முடிபு வேறு. அந்த ஏப்பிரலில் அறிவு பெற்றவனிடமிருந்து செயல் புரிபவனிடம் செய்தி விரைந்து சென்றவிடத்து உயிர்கள் காக்கப்பட்டன. அப்பிணைப்பு அற்றவிடத்து உயிர்கள் மாண்டன. கொடியும் சீருடையும் ஒன்றா இரண்டா என்பது இரண்டாந்தர வினா. புதிய கலையைப் பேணி வளர்க்கத் தனி நிறுவனம் வேண்டப்படலாம். அதனைப் பயன்படுத்தும்போது பிரிவு தடையாதல் கூடாது.

விண்வெளியின் இயல்பு

போர்க்காலத்தில் அரச விமானப் படையில் ராடார்த் தொழில் புரிந்த இளைஞர் ஆதர் சி. கிளார்க், 1945 ஒக்டோபரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பூமியின் சுழற்சியோடு ஒத்தியங்கும் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என அதிற் காட்டினார். பின்னர் அவர் இலங்கையிற் குடியேறி, கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டவர்களுள் ஒருவரானார். திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் நம் நாட்டிடம் ஒப்படைத்த 1957 ஒக்டோபர் மாதத்திலேயே, உருசியாவின் முதற் செயற்கைக் கோள் விண்ணில் ஏறிற்று. ஒரு யுகம் முடிந்த மாதத்திற் பிறிதொரு யுகம் தொடங்கிற்று.

இன்று விண்வெளியிலுள்ள படைத்துறைக் கோள்கள் புரியும் தொழில் யாது? நோக்குதல், செய்தி கடத்துதல், இடமும் நேரமும் காட்டுதல், ஏவுகணை எழுந்தால் எச்சரித்தல் என்பனவே பெரும்பாலன. அங்கிருந்து நிலத்தைக் கைப்பற்றும் படைவீரன் இல்லை. 1942இன் மொழியிற் கூறின், விண்வெளியில் இருப்பவை ஹரிக்கேன்கள் அல்ல, கற்றலீனாக்கள். பிறர்க்குக் கண்ணாயிருத்தலே அவற்றின் பெருந்தொழில்.

நாடுகளின் அனுபவமும் இதனோடு ஒத்திருக்கின்றது. உருசியா 1992இல் விண்வெளிப் படையைத் தனியாக்கி, 1997இற் கலைத்து, 2001இல் மீண்டும் நிறுவி, 2015இல் விமானப் படையோடு இணைத்தது. சீனா 2015இன் இறுதியில் விண்வெளி, இணையம் முதலியவற்றை ஒருசேர ஆளும் படையொன்றை அமைத்து, 2024 ஏப்பிரலில் அதனைக் கலைத்து மூன்றாகப் பிரித்தது. பிரான்சு 2020இல் தன் விமானப் படையின் பெயரோடு விண்வெளியையும் சேர்த்துக்கொண்டது. இந்தியா 2019இல் தனிப்படை நிறுவாது, முப்படைக்கும் பொதுவான விண்வெளி முகவர் நிலையமொன்றைப் பெங்களூரில் அமைத்தது. அமெரிக்க விண்வெளிப் படையும் விமானப் படைத் திணைக்களத்தின் உள்ளேயே இயங்குகின்றது. தனிப்படை வேண்டும் என்றோரும் பிரிவினால் வரும் கேட்டை அஞ்சியே நடந்துள்ளனர் என்பது இதனாற் பெறப்படும்.

பிறிதொரு வேற்றுமையும் கருதத்தக்கது. 1942இல் தீப்பற்றி அழிந்த சகையிங் கப்பலை இலங்கைக் கடற்படையினர் 2018இல் மேலெழுப்பினர். நெடுங்காலம் அது மூழ்கிய இடத்திலேயே கிடந்தது. விண்வெளியில் உடைந்தது அவ்வாறு கிடப்பதில்லை. 2007இல் சீனாவும், 2019இல் இந்தியாவும், 2021இல் உருசியாவும் தத்தம் கோளொன்றைத் தாமே தாக்கி உடைத்துச் சோதித்தன. சீனாவின் சோதனையால் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் கணக்கிடப்பட்டன. அத்துண்டுகள் துப்பாக்கிக் குண்டினும் பன்மடங்கு விரைவாகச் சுழன்று, உடைத்தவனையும் உடைபட்டவனையும் வேறுபாடின்றி அச்சுறுத்துகின்றன. வென்றவனுக்கும் வழியடைக்கும் போர்க்களம் இது. இங்குத் தனிப்படை ஒன்றை எழுப்புமுன், அப்படை எதனை வெல்லக் கருதுகின்றது என வினவுதல் அறிவுடைமையாம்.

நமக்குரிய வழி

இனி நம் நாட்டை நோக்குவோம். இலங்கை 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் முறையே தரைப்படை, கடற்படை, விமானப் படை என்பவற்றை நிறுவிற்று. 2019இல் இலங்கைப் பொறியியலாளர் யப்பானில் ஆக்கிய இராவணா–1 என்னும் ஒரு கிலோகிராம் அளவான சிறு கோள் விண்வெளியில் விடப்பட்டது. இத்தகைய நாட்டுக்கு விண்வெளிப் படை வேண்டா என்பது வெளிப்படை. ஆனால், வேண்டா எனக் கூறியதோடு நம் கடன் தீர்ந்துவிடுமோ?

2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலை கடல் எழுந்து வந்ததைத் திருக்கோணமலையார் மறவார். சுமாத்திராவுக்கு அண்மையில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை நம் கரையை அடைந்தது. கடல்மட்டத்தை அளக்கும் யேசன்–1 என்னும் கோள், அதிர்ச்சி நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் வங்காள விரிகுடாவுக்கு மேலாகச் சென்று, அவ்வலையின் உயரத்தை அளந்துகொண்டது. விண்ணிலிருந்த கண் கண்டது. எனினும் அவ்வளவை உடன் படித்துக் கரைக்கு உரைக்கும் ஏற்பாடு எங்கும் இருந்ததில்லை. ஆராய்ந்தோர் அதனைப் படித்தறிந்தபோது, கடல் எடுத்துச்சென்றவர்களை எண்ணும் வேலையே எஞ்சியிருந்தது. கண்ட கண் ஒன்று, காக்க வேண்டிய கை வேறு, இடையே நாவில்லை. ஹெர்மிஸ் மாண்டதும் இவ்வாறன்றோ?

2005இல் நாட்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியே நமக்கு வேண்டிய அமைப்பின் வித்து இடப்பட்டுள்ளது எனலாம். முப்படையினரும், வானிலை ஆய்வாளரும், மீன்பிடித்துறையினரும், பல்கலைக்கழக அறிஞரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, விண்ணிலிருந்து வரும் செய்தியை அப்பொழுதே படித்து, அப்பொழுதே கரைக்கு உரைக்கும் நிலையமே நம்மனோர்க்கு ஏற்ற விண்வெளிக் காவல். 1942இல் லேற்றன் கையில் தற்காலிகமாகச் சேர்ந்த அந்த ஒருமை, சமாதான காலத்தில் ஒருவர் அதிகாரத்தால் அன்றிப் பலர் கூட்டுறவால் நிலைபெறுதல் வேண்டும்.

திருவள்ளுவர் பொருட்பாலிற் படையைப் பற்றிய அதிகாரங்களை ஓரிடத்தில் வைத்தார். ஒற்றாடலை அவற்றோடு சேர்த்தாரல்லர். அரசனுக்குரிய இயல்புகளைக் கூறும் பகுதியில் வைத்தார். காணுதல் படையின் உறுப்புகளுள் ஒன்றன்று, ஆள்வோனின் கண் என்பது அவ்வைப்பு முறையால் உணரத்தகும். வல்லரசுகள் தம் விண்வெளி நிபுணரைத் தனிப்பள்ளியில் வளர்க்கட்டும். அதற்கு வேண்டுமாயின் தனிக்கொடியும் தரட்டும். ஆயினும் விண்ணிலுள்ள கண் எவ்வொரு படைக்கும் தனியுடைமையாதல் தகாது. அக்கண் கண்டதை உரிய காலத்திற் பெறாதார் மாண்டனர் என்பதற்கு மட்டக்களப்புக் கடலடியிற் கிடக்கும் ஹெர்மிஸும், நம் கரையோரத்துச் சுனாமி நினைவுத் தூண்களும் சான்றாக நிற்கின்றன.