நாலு மில்லிமீட்டர்

போன சனிக்கிழமை கொள்ளேகாலில் இருந்து அண்ணன் போன். அம்மாவுக்கு மைசூரில் பெட் ஸ்கேன் எடுத்தாச்சு. "சி.டி.யில நுரையீரல்ல நாலு மில்லிமீட்டர் முடிச்சு ஒண்ணு தெரியுதாம். பெட்ல ஒண்ணுமே ஒளிரலையாம். அப்ப பயமில்லதானே? நீ இந்த மிஷினைத்தானேடா டெஸ்ட் பண்றே?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது.

எங்கள் ஊர் பட்டுக்குப் பேர் போனது (1956 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த ஊர், வீட்டில் தமிழ்தான்!). அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் புடவையின் இழை எண்ணுவார். பக்கத்துப் பக்கத்து இழை இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் அது நல்ல கண்ணாடி. பெட் சோதனையும் அதேதான்.

1970களின் நடுவில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் டெர்-பொகோசியன், ஃபெல்ப்ஸ், ஹாஃப்மன் ஆகியோர் செய்த முதல் பெட் கருவிகளில் எல்லாமே சென்டிமீட்டர் கணக்கு. அதற்குச் சின்னது எல்லாம் மங்கல். பெர்க்லி ஆய்வகத்து ஸ்டீஃபன் டெரென்ஸோ பெயரில் ஒரு சோதனை உருளை உண்டு. உள்ளே ஆறு பங்கு, பங்குக்குப் பங்கு துளை சின்னதாகிக்கொண்டே போகும். கதிரியக்கத் திரவம் நிரப்பி, எந்தப் பங்கு வரை துளைகள் பிரிந்து தெரிகின்றன என்று பார்க்க வேண்டும். அவர் குழுவே 1980களில் 600 படிகங்கள் வைத்த கருவியில் 2.6 மி.மீ. வரை வந்துவிட்டது. பிறகு மூளைக்கென்றே வந்த எச்.ஆர்.ஆர்.டி.யும் 2.5 வாக்கில்தான்.

ஆளுக்கொரு விதமாக அளந்தால் எதை நம்புவது? 1994ல் நெமா விதிமுறை வந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு துளி ஃப்ளோரின்-18. அந்தப் புள்ளி படத்தில் எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்று பாதி உயரத்தில் அளப்பார்கள்.

ஆனால் இயற்கை ஓரிடத்தில் நிறுத்திவிடும். பாசிட்ரான் கொஞ்சம் நகர்ந்துதான் அழிகிறது. வெளிவரும் இரண்டு கதிர்களும் நூல் பிடித்தாற்போல் எதிரெதிரே போவதில்லை. 80 செ.மீ. வளையத்தில் இந்தக் கோணல் மட்டுமே கிட்டத்தட்ட 1.8 மி.மீ. சாப்பிட்டுவிடும்.

இந்தியாவுக்குப் பெட் வந்தது 2002ல், மும்பை பரேலில். ஆஸ்பத்திரிகளில் இருக்கும் முழு உடல் கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 6 மி.மீ. அதுவும் அசையாத குழாயில்! அம்மாவோ மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருப்பார். நாலு மி.மீ. முடிச்சு உண்மையிலேயே ஒளிர்ந்தாலும், அந்த ஒளி சுற்றிலும் பரவி இல்லாத மாதிரியே ஆகிவிடும்.

"ஒளிரலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லண்ணா. இவ்வளவு சின்னதை இந்த மிஷின் சொல்லாது. மறுபடி எப்ப சி.டி. எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேளுங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, நீயே சொல்லு" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.