கல்வாழை: ஒரு தோட்டக் கலப்பினத்தின் சமூக வரலாறு

1

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் மகாவலி கங்கைக்கும் இடைப்பட்டுக் கிடப்பது வில்கமுவப் பிரதேசம். மினிப்பே இடதுகரைக் கால்வாயின் நீரை எதிர்பார்த்திருக்கும் வயல்களும், மழையை எதிர்பார்த்திருக்கும் சேனைகளும், 1984இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட வஸ்கமுவக் காட்டின் அயலும், அக்காட்டிலிருந்து இரவில் இறங்கும் யானைகளும் அங்குள்ள விவசாயிகளின் வாழ்க்கையை நிர்ணயிப்பனவாகும். இத்தகையதோர் இடத்திலிருந்து பூஞ்செடியொன்றின் வரலாற்றைத் தொடங்குவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், வீடொன்றின் பின்புறத்தில், கிணற்றடி நீர் வழிந்தோடும் ஈரநிலத்தில், இருவகைக் கல்வாழைகள் அருகருகே நிற்கக் கண்டபோதுதான் இக்கட்டுரைக்குரிய வினா என்னுள் எழுந்தது.

ஒன்று சிறிய சிவந்த பூவும் கரிய கடிய விதையும் உடையது. அதன் கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூவுடன் உண்பர். மற்றையது அகன்ற மஞ்சட் பூவில் செம்புள்ளி தெறித்தது. அது விதை தருவதில்லை. அதன் கிழங்கை எவரும் அவிப்பதுமில்லை. முன்னையது வயிற்றுக்கு, பின்னையது கண்ணுக்கு என்றே அவ்வீட்டுப் பெண்மணி விளக்கினார். ஒரே குடும்பத்துச் செடி உணவென்றும் அலங்காரமென்றும் பிரிந்தது எப்போது? அதனைப் பிரித்தவர் யாவர்? அப்பிரிவினாற் பயனடைந்தவர் யாவர்? இவ்வினாக்களுக்குத் தாவரவியல் மட்டும் விடை கூறிவிட முடியாது. செடிகளின் வரலாறும் மனித உழைப்பினதும் உடைமையினதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

2

முதலிற் பெயரை நோக்குவோம். வாழையை ஒத்த இலையும் கல்லை ஒத்த விதையும் உடைமையால் தமிழர் இதனைக் கல்வாழை என்றனர். மலைப்பாறைகளில் வளரும் காட்டுவாழை ஒன்றுக்கும் இப்பெயர் வழங்குவதுண்டு. ஆதலால், பழைய நூல்களிலோ வழக்காறுகளிலோ இச்சொல்லைக் கண்டவுடன் நமது தோட்டச்செடியை அங்கு காண முற்படுதல் தவறாகும். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களுள் இதற்கு இடமில்லை, இருந்திருக்கவும் முடியாது. கல்வாழையின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப வலயமாகும். பதினாறாம் நூற்றாண்டிற்றான் அது கடல் கடந்தது. கொலம்பஸ் தான் சேர்ந்த கரையை இந்தியா என மயங்கியதன் விளைவு, 1753இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய 'கன்னா இண்டிகா' என்னும் பெயரில் இன்றும் உறைந்து கிடக்கிறது. நம்முடையதென நாம் எண்ணும் எல்லாவற்றுக்கும் சங்ககாலச் சான்று தேடும் மனப்பாங்கினர் இவ்வுண்மையை மனங்கொள்ளுதல் நன்று.

சிங்களத்தில் இச்செடி 'புத்சரண' எனப்படும். புத்தரைச் சரணடைதல் எனப் பொருள்படும் இச்சொல், வித்யாசக்கரவர்த்தி இயற்றிய புகழ்பெற்ற பழஞ்சிங்கள உரைநடை நூலின் பெயருமாகும். அந்நிய நாட்டுச் செடியொன்று இரு மொழி மக்களாலும் இவ்வளவு முழுமையாகத் தமதாக்கப்பட்டுள்ளது. புதியதை ஏற்றுப் பயன்படுத்தி அதற்குத் தம் உலகிலிருந்தே பெயரிடும் இவ்வாற்றல், உழைக்கும் மக்களின் பண்பாட்டில் நாம் அடிக்கடி காண்பதொன்றாகும்.

அமெரிக்கப் பூர்வீக மக்கள் இதனைக் கிழங்குக்காகவே பயிரிட்டனர். அந்தீஸ் மலைநாட்டில் 'அச்சிரா' என்ற பெயரில் இது இன்றும் உணவாகிறது. ஆர்ஜென்தீனாவின் வடமேற்கிலுள்ள தொல்லியற் களமொன்றில், வாதுமைக்கொட்டை ஓடுகளாலான கிலுகிலுப்பையின் உள்ளே கல்வாழை விதைகள் கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுப் பழைமையுடையதென மதிப்பிடப்பட்ட அவ்விதைகளுள் ஒன்று முளைத்ததாக 1971இல் ஆய்வறிக்கை வெளியாயிற்று. உணவும் இசையும் சடங்கும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாத சமூகத்தில், கிழங்கும் விதையும் பூவும் ஒரே செடியாகவே இருந்தன. அவை பிரிக்கப்பட்ட களம் ஐரோப்பா. காலம் முதலாளித்துவத்தின் எழுச்சிக் காலம்.

3

தென்னமெரிக்காவில் பிரெஞ்சுத் தூதரகப் பணியாற்றி ஓய்வுபெற்ற தியொடோர் அனே, அங்கிருந்து கொணர்ந்த கல்வாழைகளைப் பாரிசின் ஓரத்திலிருந்த பாஸியில் வளர்த்தார். தம் பெயரால் வழங்கும் முதற் கலப்பினத்தை அவர் உருவாக்கிய ஆண்டு 1848 என்பர். அது மனிதனை விஞ்சும் உயரமும் பேரிலைகளும் உடையது, பூ சிறியது. அதனை விரும்பியோர் இலைக்காகவே விரும்பினர்.

1848 என்னும் ஆண்டு நமக்குப் பிறிதொரு வகையிலும் பரிச்சயமானது. அவ்வாண்டு பெப்ரவரியில் பாரிசில் முடியாட்சி வீழ்ந்தது. யூன் மாதத்தில் அதே நகரத் தொழிலாளரின் எழுச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்த மாதம் மாத்தளையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத சேனை நிலங்களை அரசுடைமையாக்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு வழி திறந்திருந்தது. அதன்மேல் டொரிங்டன் பிரபுவின் ஆட்சி துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தது. வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பையும் கோரியது. கொங்காலேகொட பண்டா, புரன் அப்பு ஆகியோர் தலைமையில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஓகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பாஸித் தோட்டத்துக் கலப்பினத்துக்கும் மாத்தளைக் கிளர்ச்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டென நான் கூற வரவில்லை; ஆண்டு ஒன்றாயிருப்பது தற்செயலே. ஆனால், வெப்பவலய நிலங்களையும் அவற்றின் தாவரங்களையும் ஐரோப்பிய மூலதனம் தன் வட்டத்துள் இழுத்துக்கொண்ட உலகளாவிய இயக்கம் இரண்டுக்கும் பொதுவான பின்னணியாகும். 1821இல் நிறுவப்பட்ட பேராதனைப் பூங்காவும், 1861இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவும், 1876இல் றப்பர் நாற்றுகளை ஏற்ற ஹெனரத்கொடப் பூங்காவும் அவ்வியக்கத்தின் கருவிகளே. அங்கு பூ பூத்ததும் உண்மை. தோட்டத்துரைமாரின் இலாபக்கணக்கு விளைந்ததும் உண்மை.

பாரிசில் அனேயின் செடிக்குச் சந்தையளித்தது ஒஸ்மானின் நகர மாற்றமாகும். 1853 முதல் 1870 வரை அவர் நகரின் பழைய குடியிருப்புகளை இடித்து, தடையரண் எழுப்புதற்கு எளிதல்லாத அகன்ற வீதிகளையும் பெரும் பூங்காக்களையும் அமைத்தார். ஏழைகள் நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர். வெறுமையான புதிய வெளிகளை ஒரே கோடையில் நிறைக்கவல்ல பேரிலைச் செடிகள் தேவைப்பட்டன. நகராட்சியின் நாற்றுத்தோட்டங்கள் கல்வாழையைப் பெருமளவிற் பெருக்கின. உறைபனியைத் தாங்காத இதன் கிழங்கை இலையுதிர்காலத்தில் தோண்டி எடுத்து, பனிக்காலம் முழுதும் காத்து, வசந்தத்தில் மீண்டும் நடவேண்டும். அவ்வுழைப்பைத் தந்த தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

4

அடுத்த கட்டம் லியோன் நகரில் நிகழ்ந்தது. 1831இலும் 1834இலும் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்த நகரென அதனை நம் வாசகர் அறிவர். அங்கு குரோசி என்ற நாற்றுத்தோட்டக்காரர் 1860கள் முதல் பல்லாண்டு முயன்று, குள்ளமான தண்டும் பெரிய பூவும் உடைய கல்வாழைகளை உருவாக்கினார். பொதுப் பூங்காவுக்கு உயரம் வேண்டும். நடுத்தர வர்க்கத்தின் சிறு தோட்டத்துக்கோ உயரம் இடைஞ்சல், நிறமே தேவை. செடியின் உருமாற்றத்தில் வாங்குவோர் வர்க்கத்தின் மாற்றத்தையும் வாசிக்க முடிகிறது. 1890களின் தொடக்கத்தில் நேப்பிள்ஸ் நகரில் ஸ்பிரெங்கர், குரோசியின் வகையொன்றை வட அமெரிக்கச் சதுப்புநிலத்து இனத்துடன் கலந்து, ஓர்க்கிட்டைப் போன்ற மென்மலர் வகைகளைப் பெற்றார்.

கலக்கும் முறை பொறுமையைக் கோருவது. கல்வாழையில் இதழென நாம் காண்பன பெரும்பாலும் திரிபடைந்த மலட்டுக் கேசரங்களே. வளமுள்ள கேசரம் ஒன்றே. அதிலும் பாதியே மகரந்தம் தரும். பூ விரியுமுன், மொட்டினுள்ளேயே அம்மகரந்தம் தட்டையான தம்பத்தின்மேற் படிந்துவிடும். ஆகவே மொட்டை முன்கூட்டியே பிளந்து, மகரந்தக்கூட்டை அகற்றி, வேண்டிய செடியின் மகரந்தத்தைக் குறியில் தடவவேண்டும். பெறும் விதையின் ஓட்டை அரத்தால் உராய்ந்தாலன்றி எளிதில் முளைக்காது. முளைத்த நூற்றுக்கணக்கான நாற்றுகளுள் ஒன்றிரண்டே தேறும். ஏனையவை எருக்குழிக்குச் செல்லும். இவ்வளவு வேலையும் ஒருவரின் 'மேதை'யால் மட்டும் முடிவதன்று.

நமது உபகண்டத்தில், கல்கத்தா அலிப்பூரில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் பூங்காவைப் பராமரித்த பெர்சி-லங்காஸ்டர் குடும்பத்தினர், தந்தையும் மகனுமாகக் கல்வாழைக் கலப்பினங்களை உருவாக்கினர். விடுதலைக்குப் பின், லக்னோவின் தேசிய தாவரவியற் பூங்காவில் கோஷூவும் முகர்ஜியும் 1970ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆய்வுகள், தோட்டக் கல்வாழைகளின் நிறமூர்த்த வரலாற்றைத் தெளிவுபடுத்தின. இயல்பான செடியில் நிறமூர்த்தம் 18. பல அழகிய வகைகளிலோ 27. இம்மும்மடியங்கள் மலடானவை. அப்பூங்கா அமைந்த சிக்கந்தர் பாக், 1857 நவம்பரில் சிப்பாய்கள் பெருந்தொகையினர் கொல்லப்பட்ட இடமாகும். குடியேற்றவாதத்தின் கொலைக்களம் ஒன்று மக்கள் நிதியில் இயங்கும் ஆய்வுக்களமாக மாறியமை நினைவுகூரத்தக்கது.

வில்கமுவக் கிணற்றடியின் மஞ்சட் கல்வாழை விதை தராமைக்கு இப்போது காரணம் காண்கிறோம். அதன் உருவமும் மலட்டுத்தன்மையும், அதனை இத்தகைய கலப்பினங்களின் வழித்தோன்றல் எனக் கருதச் செய்கின்றன.

5

மலட்டுத்தன்மையில் ஒரு முரண்பாடு உள்ளடங்கியுள்ளது. விதையற்ற செடி வேர்த்தண்டுக்கிழங்கைப் பிளந்தே பெருகும். வில்கமுவவில் வரட்சிக் காலத்தில் இலை கருகினாலும் கிழங்கு மண்ணுள் உயிர்த்திருக்கும். வடகீழ்ப் பருவமழை விழுந்ததும் குருத்து விடும். ஒரு கிழங்கைப் பிளந்து அயல்வீட்டுக்குக் கொடுத்தால் கொடுத்தவருக்குக் குறைவு ஏதுமில்லை. பாரிசிலும் லியோனிலும் பண்டமாகப் பிறந்த செடி, உழைக்கும் மக்களின் கைகளிற் பண்டத்தன்மையை இழந்து கொடையாகிவிட்டது.

மூலதனம் இதனைப் பொறுத்துக்கொள்ளாது. ஐக்கிய அமெரிக்கா 1930இல் இயற்றிய தாவர உரிமச் சட்டம், விதையின்றிப் பெருக்கப்படும் புதிய வகைகளைத் தனியுரிமையாக்கியது. உருளைக்கிழங்கு போன்ற உணவுக்கிழங்குகளை அது விலக்கிற்று. கல்வாழை உணவாக எண்ணப்படாமல் அலங்காரமாக எண்ணப்பட்டமையால் உரிமத்துக்கு உட்படக் கூடியதாயிற்று. உணவு வேறு, அழகு வேறு எனப் பிரித்ததன் சட்ட விளைவு இதுவாகும். 1990களில் தென்னாபிரிக்காவில் தோன்றிய வண்ணக்கோடிட்ட இலைக் கல்வாழையொன்று வணிகப் பெயருடனும் உரிமத்துடனும் உலகச் சந்தையில் இறங்கியது. பின்னர் விதையிலிருந்தே ஒரே சீராகப் பூக்கும் முதற்றலைமுறைக் கலப்பினங்கள் வந்தன. 2013இல் அவற்றுளொன்று அமெரிக்கத் தேர்வுப் பரிசையும் பெற்றது. அவ்வகையின் விதையைச் சேமித்து விதைத்தால் தாயின் குணம் அப்படியே வாராது. ஆண்டுதோறும் கடையை நாடவேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையுடன் கூறவேண்டும். கிழங்கு வழிப் பெருக்கத்தால் கல்வாழை மஞ்சட்புள்ளி வைரசு போன்ற நோய்கள் கைக்குக் கை பரவுகின்றன. பழைய வகைகள் பல இதனால் நலிந்தன. விதைவழிச் செடியால் இவ்விடரைப் பெரிதும் தவிர்க்கலாம். எனவே கலப்பினத்தைப் பழித்து 'இயற்கை'க்குத் திரும்புவோம் எனக் கூறுவது வெறும் கற்பனாவாதமே. விஞ்ஞானம் வேண்டும், அது யாருடைய தேவைக்காக, யாருடைய உடைமையாக இயங்குகிறது என்பதே வினா.

1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் அறிவுச்சொத்து உடன்படிக்கை, தாவர வகைகளுக்குப் பாதுகாப்பளிக்குமாறு உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தியா 2001இல் இயற்றிய சட்டம், போராட்டங்களின் அழுத்தத்தால், விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விவசாயிக்குள்ள உரிமையையும், வகையை உருவாக்கியவராக விவசாயியை ஏற்கும் கோட்பாட்டையும் உள்ளடக்கியது. குறைகள் இருப்பினும், விவசாயியும் செடியை உருவாக்குபவரே என்பதைச் சட்டமொழியில் ஒப்புக்கொண்டமை முக்கியமானது.

பேராதனையில் 1823இல் சேர்ந்து ஏறத்தாழ நாற்பதாண்டு செடிகளை வரைந்த ஹர்மானிஸ் த அல்விஸின் பெயர் தப்பிப் பிழைத்தது. அச்செடிகளைத் தோண்டிச் சுமந்தோரின் பெயர்கள் தப்பவில்லை. வில்கமுவவில் எந்தக் கிழங்கு மழை பொய்த்த ஆண்டிலும் உயிர்த்தது, எது இனிப்பது, எது கசப்பது எனத் தலைமுறையாகத் தெரிந்தெடுத்துக் காத்த பெண்களின் பெயர்களும் பதியப்படாவிடின் அவ்வாறே மறையும். நமது பல்கலைக்கழகங்களின் விவசாய பீடங்களும் மொழித்துறைகளும் இணைந்து, இம்முற்றத்து வகைகளை அவற்றின் சிங்கள, தமிழ்ப் பெயர்களுடனும் பேணியோரின் பெயர்களுடனும் பதிவுசெய்தல் உடனடித் தேவையாகும். நோயற்ற கிழங்கைப் பொதுநிதியில் உருவாக்கி அவர்களுக்கே திருப்பியளித்தல் அதனை அடுத்த பணியாகும். உண்ணத்தக்க கிழங்கும் கண்ணுக்கினிய பூவும் ஒருங்கே தரும் கல்வாழையொன்றை உருவாக்க இயலுமா என்பதும் அங்கு எழுப்பப்படவேண்டிய ஆய்வு வினா. அவ்வினாவை எழுப்புவோர், விடையின் பாதியை அக்கிணற்றடியில் நிற்பவரிடமிருந்தே பெறவேண்டியிருக்கும்.