வாச்சாத்தி வழக்கு

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று தொடங்கி அரசு ஊழியர்கள் இழைத்த வன்கொடுமைகள் தொடர்பான வழக்கு. ஊர்மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர்.

சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சேர்ந்து ஊரைச் சூழ்ந்தனர். மக்களை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தனர். பதுக்கிய கட்டைகளை எடுத்துக் காட்டும்படி 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வனத்துறையினர் பாலியல் வன்கொடுமை செய்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைக்கப்பட்டு, பிறகு சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

புகார் கொடுக்க வேண்டியவர்கள் சந்தனக் கடத்தல் வழக்கில் கைதிகள். அதை வாங்க வேண்டிய காவல்துறையோ சோதனைக்கு வந்த கூட்டத்தில் ஒரு பங்கு. அகப்படாத ஆண்கள் மலைக்குள் ஒளிந்திருந்தனர். ஜூலையில் மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குள் போன பின்பே செய்தி வெளியே வந்தது. ஆகஸ்டில் தேசிய தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்துக் கொடுத்த அறிக்கை பெண்களின் சொல்லை மெய்யென்றது. மாநில அரசு மறுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றம் சென்றார். 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்தது. அந்த உத்தரவு இல்லையேல் இதில் வழக்கு என்ற ஒன்றே இருந்திராது.

குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர்: வனத்துறையினர் 155, காவலர் 108, வருவாய்த்துறையினர் 6. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, ஒருவர்கூட விடுவிக்கப்படவில்லை. தண்டிக்கப்பட்டோரில் வனத்துறையினர் 126, காவலர் 84, வருவாய்த்துறையினர் 5. பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியான 17 பேரில் 12 பேருக்குப் பத்தாண்டும் 5 பேருக்கு ஏழாண்டும் சிறை. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பிரயோகிக்கப்பட்டது.

மேல்முறையீடுகள் மேலும் பன்னிரண்டு ஆண்டுகளை விழுங்கின. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் ஊருக்கே சென்று பார்த்தபின், 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்தார். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே ஊர்மக்கள் பலியாக்கப்பட்டனர் என்றது அத்தீர்ப்பு. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கி, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. தண்டனை பெற்றோர் சிலர் உச்சநீதிமன்றத்தை நாடினர்.