கிழக்கு, மேற்கு: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் திசைச் சொற்கள்

‘கீழ்’ என்ற அடியிலிருந்து கிழக்கும், ‘மேல்’ என்ற அடியிலிருந்து மேற்கும் பிறந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடல் நோக்கிச் சரியும் நிலத்துக்கு இப்பெயர்கள் அப்படியே பொருந்தும். சங்க இலக்கியத்தில் குணக்கு, குடக்கு என்ற வேறோர் இணையும் வழங்கியது. பேச்சில் நிலைத்தவை சரிவைச் சொன்ன சொற்களே.

மலையைத் தாண்டினால் சரிவு மாறிவிடுகிறது. கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. இருந்தும் மலையாளம் உயர்ந்த மலை நிற்கும் திசையைக் கிழக்கு என்றே அழைக்கிறது. மேற்குக்குப் பொதுவழக்கு ‘படிஞ்ஞாறு’, அதாவது ஞாயிறு படும் திசை. இந்த முரணைச் சுட்டியவர் ராபர்ட் கால்டுவெல். 1856-இல் வெளிவந்து 1875-இல் விரிவாக்கப்பட்ட அவரது திராவிட ஒப்பிலக்கணம், மலைக்குக் கிழக்கே வாழ்ந்தவர்களிடமிருந்தே ‘கிழக்கு’ என்ற சொல் மலையாளத்துக்கு வந்திருக்க வேண்டும் என்கிறது. கல்வெட்டோ செப்பேடோ இன்றி, அன்றாடச் சொல் ஒன்றைக் கொண்டே மக்களின் பழைய இருப்பிடத்தை ஊகித்தது அவருடைய அரிய பங்களிப்பு.

கால்டுவெல் 1814-இல் பிறந்தது அயர்லாந்தில். அங்குள்ள ஐரிஷ் மொழியிலும் திசைக்குள் இடப்பொருள் உறைந்திருக்கிறது. மேற்கைக் குறிக்கும் சொல்லே பின்புறத்தையும் குறிக்கும். தெற்கும் வலமும் ஒரே சொல். உதிக்கும் ஞாயிற்றை நோக்கி நிற்பவரின் உடலை வைத்து அமைந்த முறை அது. தமிழின் கிழக்கு மேற்குக்கு அடிப்படை உடலன்று, நிலம்.

அந்த நிலத்தோடு சொல் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்பதை எல்லைப் பகுதியில் நேரில் காணலாம். கேரளத்தின் 44 ஆறுகளில் மூன்று மட்டுமே கிழக்கே பாய்கின்றன. அவற்றுள் பாம்பாறு இடுக்கியின் மறையூர்ப் பள்ளத்தாக்கு வழியாக அமராவதியில் சேர்கிறது. பவானி பாலக்காட்டின் அட்டப்பாடியைக் கடந்து தமிழகம் வருகிறது. இவ்விரு இடங்களிலும் ஆறு கீழ்நோக்கிச் செல்லும் திசை கிழக்குதான். சொல்லும் நிலமும் இன்றும் ஒத்துப்போகின்றன. போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்குபவரும் கிழக்கே, கீழேதான் போகிறார். மூணாறில் நிலை வேறு. அங்கிருந்து முதிரப்புழை ஆறு பெரியாற்றில் கலந்து மேற்கே போகிறது.

ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரிவதில்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத் தமிழரும் மலையாளிகளும் ஒரே ‘கிழக்கை’ச் சொல்லித் தமிழகப் பக்கத்தைக் காட்டுகிறார்கள்.