கண்டி மலைநாட்டுச் சிறுத்தையும் அதன் உறைவிடமும்

பனிச்சிறுத்தை இமயத்திலும் நடு ஆசியாவின் உயர்மலைகளிலும் வாழ்வது. ஈழத்து மலைநாட்டிற்கு உரியது வேறினமாகிய சிறுத்தை. மலையக மக்கள் இதனைப் புலியென்றே வழங்குவர். சிங்களத்தில் இது 'கொட்டியா' எனப்படும். வரிப்புலி இத்தீவில் வாழாமையால் அவ்வழக்கு மயக்கந் தருவதில்லை. 1956 ஆம் ஆண்டில் பி. இ. பி. தெரணியகல இதற்குத் தனி உபவினப் பெயரிட்டபோது அச்சிங்களச் சொல்லையே எடுத்தாண்டார்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் தடுத்துவைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில் இவ்விலங்கைப் புலியென்றே குறித்தார். கரும்புலியொன்று பிடிக்கப்பட்டு இரண்டாம் இராசசிங்கனிடம் கொண்டுவரப்பட்டதென்றும், மன்னன் அதனைப் பெரிதும் மதித்தானென்றும் அவர் கூறுகின்றார். கருஞ்சிறுத்தை தனியினமன்று; நிறமி மிகுதியாற் கருமையுற்ற சிறுத்தையே அது.

அந்நாளிற் காடே கண்டியின் அரண். மன்னர் மலைக்காட்டைப் பேணியதற்கு விலங்கின்மேற் கொண்ட அன்பினும் பகைவர்மேற் கொண்ட அச்சமே காரணம் எனல் பொருந்தும். காரணம் எதுவாயினும் பயன் சிறுத்தைக்கும் கிட்டிற்று.

1815 இல் இராச்சியம் வீழ்ந்தது. 1824 அளவில் ஜோர்ஜ் பேட் என்பார் கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் அமைத்தார். உரிமை நாட்டப்படாத காடுகளை முடிக்குரியனவாகக் கொள்ளும் சட்டம் 1840 இல் வந்தது. பின்னர் மலைச்சரிவுகள் தோட்டக்காரருக்கு விரைந்து விற்பனையாயின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கைகளே அக்காட்டை வெட்டின, ஆதாயமோ அவர்க்குரியதன்று. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபோதும் காடு மீளவில்லை. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரவிற் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்ததுமன்றி, கோப்பி ஏறாத உயரங்களுக்கும் ஏறிற்று.

எஞ்சியவை தும்பறை மலைத்தொடர், சிவனொளிபாதமலைக் காடு, 2,000 மீற்றருக்கு மேற்பட்ட ஹோட்டன் சமவெளி, தேயிலைக்கிடையே கிடக்கும் முகட்டுக் காடுகள், ஓடைக்கரைகள் ஆகியனவே. கண்டி நகரின் உடவத்தைக் காடு ஏறத்தாழ 100 ஹெக்ரெயர் அளவினது. பல சதுர கிலோமீற்றர் திரியும் ஒரு சிறுத்தைக்கும் அது போதாது. ஆதலின் ஒரு காட்டுத் துண்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் சிறுத்தை தேயிலை நிரைகளையும் லயன்களின் ஓரத்தையும் கடந்தே ஆகவேண்டும். கொழுந்தெடுப்போர் காயமுறுவதும் இவ்வழியிலேதான்.

பன்றி முதலியவற்றிற்காகத் தோட்டப்புறங்களில் வைக்கப்படும் கம்பிக் கண்ணியும் அவ்வழியிலேயே உள்ளது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியை அடுத்த லக்சபானத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அத்தகைய கண்ணியிற் சிக்கிற்று. உயிருடன் மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தும், சில நாட்களில் அது இறந்தது.